நிறங்களுக்கு நீர் வார்ப்போர்

மன்னார்த் தீவிலே பூமரங்கள் உண்டோ என்று தென்னிலங்கையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எம்மிடம் வினவினார். தாம்போதியைக் கடந்து வருகையில் அவர் கண்ணிற்பட்டவை உப்புச் சேறும், பனையும், உடைமரமும், தெருவோரத்துக் கழுதைகளுமே. அவருடைய வினாவில் ஏளனம் இருக்கவில்லை. ஆயினும் அது எம்மைச் சுட்டது. அவர் வந்த அதே வாரத்திலேதான் நாம் கற்பிக்கும் பாடசாலையின் முற்றத்தில் நின்ற பூவரசு ஒன்று வெட்டப்பட்டது. வெட்டியதற்குக் கூறப்பட்ட காரணம் அழகு. வெட்டலாம் என்று தீர்மானித்த குழுவிலே நாமும் ஓர் உறுப்பினர்.

நடந்தது இதுதான். பரிசளிப்பு விழா நெருங்கிற்று. பிரதம விருந்தினர் வந்திறங்கும் இடத்திலே பூவரசின் பழுத்த இலைகள் நாள்தோறும் உதிர்ந்து கிடந்தன. கூட்டிய சிறிது நேரத்தில் மீண்டும் உதிர்ந்தன. மரத்தை அகற்றிவிட்டு, வாசலிலிருந்து மண்டபம் வரை இருமருங்கும் 60 பூச்சட்டிகள் வைப்பதென்று முடிவாயிற்று. குரோட்டன், எக்சோரா, செவ்வந்தி, ரோசா என நாற்றுமேடையிலிருந்து செடிகள் வந்தன. சட்டி ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 2 லீற்றர் நீர், நாளுக்கு இருவேளை. ஆகமொத்தம் 240 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியில் 24 வாளி. கிணறு இருப்பது வளவின் மறுகோடியில்.

நீர் சுமப்போர் பட்டியலை எழுதியது எமது கையே. எட்டுப் பெயர்கள். எட்டும் மாணவிகளின் பெயர்கள். மாணவர் ஒருவரையேனும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எமக்கு எழவில்லை. ஆசிரியர் எவரும் சுமக்கலாம் என்ற எண்ணமோ கனவிலும் எழவில்லை. சமத்துவம் குறித்து மேடையிற் பேசுகின்ற ஒருவர், பேனாவைக் கையில் எடுத்ததும் பழைய வழக்கம் அப்பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதிவிடுகிறது.

மூன்றாம் நாள் மாலை, வாளியை இறக்கிவைத்துவிட்டு ஒரு மாணவி எம்மைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய ஊரிலே கிணறுகள் உவர்த்துவிட்டன; பவுசர் வந்தாற்றான் குடிநீர்.

“ரீச்சர், எங்கட வீட்டில ஆறு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான். இந்தப் பூவெல்லாம் எங்களவிடப் பணக்காரப் பூ.”

அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகவே சொன்னாள். ஆனால், அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நிறத்துக்கும் ஒரு விலை உண்டு, அவ்விலையை யாரோ கொடுக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பினாலேதான் எமக்குப் புலப்பட்டது.

மன்னார்த் தீவின் நீர் எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது கூறவேண்டும். இத்தீவு ஆறு இல்லாத மணற்றிடல். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே எழுந்து நிற்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே இதன் பிரதான முதல். அம்மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைக் காட்டிலும் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. இக்கணக்கை மறுபுறமாகவும் வாசிக்கலாம்: மேலே ஓர் அடியை இறைத்து முடித்தால், கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவர முயலும். மன்னார்க் கிணறுகள் ஆழமற்றவையாய் வெட்டப்பட்டதும், வாளியால் அளவோடு அள்ளப்பட்டதும் முன்னோரின் சோம்பலால் அன்று. இந்த நீர் ஒரு மெல்லிய தட்டு என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இந்த மெல்லிய நீரை வைத்துக்கொண்டு இங்குள்ள வளவுகள் நிறமற்றுக் கிடந்தனவா? இல்லவே இல்லை. நண்பருக்கு விடைகூறும் பொருட்டு, அவ்வாண்டு முழுவதும் நாம் வளவுகளைக் கவனித்து எழுதி வரலானோம்.

மாரி தொடங்கியதும் முதலில் நிறம் கொள்வது வேலி. கார்த்திகைக் கொடி கிழங்கிலிருந்து எழுந்து, இலைநுனியையே கையாக்கிப் பற்றிப் படர்ந்து, கார்த்திகை மாதத்திலே பூக்கிறது. அதன் இதழ் முதலிற் பச்சை, பின்பு மஞ்சள், பின்பு செம்மை. அதை நட்டவர் இல்லை. நீர் வார்ப்பவரும் இல்லை. தை, மாசியில் வேலியோர முள்முருக்கு இலையை உதிர்த்துவிட்டு, வெறுங்கொம்புகளிலே செம்பவளக் குலைகளை ஏந்தும். காகமும் மைனாவும் தேனுக்காக அம்மரத்திற் சண்டையிடுவதைக் காணலாம். அதே காலத்திற் கடற்கரையூர் வளவுகளிலே நிழலுக்காக வளர்க்கும் நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் ஒவ்வொன்றாய்ச் சிவக்கும். மேலைநாட்டாரின் இலையுதிர்காலம் பற்றிப் பாடநூலில் வாசித்து ஏங்கும் எம் மாணவர், தம் வீட்டுக் கொல்லையில் இருப்பதும் அதுவே என்பதை அறியார். குளிர்நாடுகளிற் பகல் குறுகுவதும் குளிர் ஏறுவதும் மரத்துக்கு முன்னறிவிப்பு. இங்கே மண்ணில் ஈரம் குறைவது முன்னறிவிப்பு. அறிவிப்புக் கிடைத்ததும் மரம் இலையிலுள்ள சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை சிதைகிறது; செம்மை வெளிப்படுகிறது. நீரைச் சிக்கனம் செய்வதற்காக மரம் போடும் கணக்கையே நாம் அழகென்று பார்க்கிறோம்.

பங்குனியில் வேம்பு தளிர்க்கும். முதல் தளிர் பச்சையன்று, செம்பு நிறம். பின்னர்ச் சிறு வெண்பூ உதிர்ந்து முற்றத்தை மூடும். பெண்கள் அதனைக் கூட்டி எடுத்துக் காயவைப்பர். சித்திரை, வைகாசியிற் கொன்றை பொன்னாய்த் தொங்கும். மே மாதத்தில் நெருப்புப் பற்றியதுபோலச் சிவப்பதனால் மே மரம் எனப்படுவதும் அப்போதே பூக்கும். அது மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய மரம். பின் சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளி வீசும் கடுங்கோடை வரும். அப்போதும் தெருவோரத்தில் ஆவரசு மஞ்சளாய் நிற்கும். எருக்கு ஊதா நிறத்திற் பூத்திருக்கும். எருக்கலம்பிட்டி என்னும் ஊர்ப்பெயரிலே அது குடியிருக்கிறது. பெருநிலத்திலுள்ள விடத்தல்தீவின் பெயரிலே விடத்தல் நிற்கிறது. ஒரே கதிரில் ஒருபாதி இளஞ்சிவப்பும் மறுபாதி மஞ்சளுமாய்ப் பூக்கும் அம்முட்செடியை அழகுச் செடியென்று எவரும் சட்டியில் வைத்ததாய் நாம் கண்டதில்லை. பள்ளிமுனையிலோ, ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள பெருக்கமரம் கோடையில் இலையெல்லாம் உதிர்த்து, தலைகீழாய் நட்ட வேர்போல நிற்கும். ஆபிரிக்க மரமான அதனை அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பர். மாரியில் உண்ட நீரைத் தன் பருத்த உடம்பிலே சேமித்துக் கோடையைக் கடக்கும் அம்மரம், இத்தீவில் வாழ விரும்புவோர் எவருக்கும் ஒரு பாடம்.

இவ்வாறு எழுதிவந்தபோது, பல்கலைக்கழகத்தில் மனனம் செய்த ஓர் இலக்கணம் எமக்குப் புதிதாய் விளங்கிற்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். மரமும் பூவும் அதன்பின் வரும் கருப்பொருள்கள். நிலமும் பொழுதும் தருவதே பூ என்பது இதன் பொருள். எமது பாடசாலையின் 60 சட்டிகளுக்கு நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. எல்லா மாதமும் எல்லா நிறமும் வேண்டும் என்பது கட்டளை. நிலமும் பொழுதும் கொடாததை வேறு எவராவது கொடுத்தே ஆகவேண்டும். எட்டு மாணவியர் தோளிலே கொடுத்தனர்.

இது எமது பாடசாலையில் மட்டும் நிகழ்வதன்று. மன்னாரின் மதில்களிலே கோடையிற் பெருஞ்சிவப்பாய்ப் படரும் போகன்வில்லாவை வாசகர் அறிவர். நீர் குறையக் குறைய நன்கு பூக்கும் செடி அது. நாம் பூவென்று கருதும் செவ்விதழ் உண்மையிற் பூவடி இலை. நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூ. 1767 இல், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில்லின் உலகப் பயணத்தின்போது, பிரேசிலின் ரியோ நகரருகே இது சேகரிக்கப்பட்டது. தாவரவியலாளர் கொமர்சன் தலைவரின் பெயரையே செடிக்கு வைத்தார். கொமர்சனின் உதவியாளாகக் கப்பலில் இருந்தவர் ஜான் பரே என்னும் ஏழைக் குடியானவப் பெண். கப்பலிற் பெண்கள் ஏறுவது தடைசெய்யப்பட்டிருந்தமையால், ஆணுடை தரித்துச் சென்றவர். செடி சேகரிக்கும் கருவிகளையும் மூட்டைகளையும் மலையும் காடும் சுமந்து நடந்தவர் அவரே. உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்று இன்று அறியப்படுகிறார். தலைவரின் பெயர் உலகின் எல்லா மதில்களிலும் பூத்துக் கிடக்கிறது. சுமந்தவரின் பெயரை எத்தனை பேர் அறிவர்? மலையகத்துத் துரைமார் பங்களாக்களின் பூந்தோட்டங்களை வளர்த்த கைகளும் அத்தகையனவே. அக்கைகளுக்குரியோருட் பலர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே இம்மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து போனவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அழகின் வரலாற்றை எழுதுவோர் நீர் வார்த்தவரையும் எழுதுவாராயின், அது வேறொரு வரலாறாய் இருக்கும்.

ஆனால், நீர் மட்டுமே நிறத்தின் விலை என்று நாம் எண்ணியதும் பிழை. மற்றொரு விலையும் உண்டு. அது காலம். இதனை எமக்கு உணர்த்தியவர் இருவர்.

ஒருவர் எமது அன்னை. 1990 இல், எம்மைக் கைக்குழந்தையாய்த் தூக்கிக்கொண்டு, படகேறி இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமிலே குடியமர்ந்தவர். நாம் நடை பயின்றதும் எழுத்துப் பயின்றதும் அங்கே. வீட்டுக்கு முன்னே ஒரு பால்மாத் தகரத்தில் அன்னை பட்டிப்பூ வளர்த்தார். தமிழகத்தார் அதனை நித்தியகல்யாணி என்பர். விதை போட்ட சில மாதங்களில் பூக்கும். பின் பருவம் பாராது பூத்துக்கொண்டேயிருக்கும். குடிநீருக்கு வரிசையில் நின்றவர், தாம் முகம் கழுவிய நீரையே அதற்கு வார்த்தார். எனவே, சட்டியில் வளர்க்கும் பூவை இழிந்ததென்று கூற எமக்கு நா எழாது. நிலம் இல்லாதவருக்கு ஒரு தகரமே நிலம். நாளை எங்கிருப்போம் என்று அறியாதவர், சில மாதத்தில் பூப்பதைத்தானே நடமுடியும்? அன்னை தமக்கு வேண்டிய நிறத்துக்குத் தாமே நீர் வார்த்தார்; இன்னொருவர் பிள்ளையைச் சுமக்கச் சொல்லவில்லை. எமது பாடசாலைச் சட்டிக்கும் அந்தத் தகரத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

மற்றவர் எருக்கலம்பிட்டியிலுள்ள ஒரு மூதாட்டி. எமது மாணவர் ஒருவரின் பாட்டி. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பல தலைமுறைகளாய் வாழ்ந்த மண்ணைவிட்டு 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுள் நீங்கினர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். தமிழராகிய நாம் இதனைத் தயங்காது சொல்லவேண்டும். எமது இடப்பெயர்வை மட்டும் எண்ணி அழுவோமாயின், எமது கண்ணீரும் பாதிக் கண்ணீரே. புத்தளத்திலே 20 ஆண்டுகள் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் திரும்பிய அம்மூதாட்டியின் முற்றத்திலே, வேலி முழுவதும் பூவரசங் கதியால் துளிர்த்து மரமாகி நின்றது. அங்கும் இப்படி மரம் வளர்த்தீர்களா என்று கேட்டோம்.

“அங்க இருவது வருசம் இருந்தம் புள்ள. ஒரு மரம் வெக்கல்ல. வெச்சா அங்கயே நிண்டுருவம் எண்டு பயம். ஊருக்கு வந்து முதல் வேலையா இந்தக் கதியாலத்தான் நட்டன்.”

மரம் நடுவது, நாம் இங்கிருப்போம் என்று சொல்லுவதாகும். அதனாலேதான் அவர் இருபது ஆண்டுகள் அச்சொல்லைச் சொல்லாதிருந்தார். திரும்பியதும் முதற் சொல்லாய்ச் சொன்னார். அவர் தமது வேலியைச் சுட்டிக் காட்டினார். காலையில் எலுமிச்சை மஞ்சளாய், அடியிற் கருஞ்சிவப்புப் பொட்டுடன் விரிந்த பூ, நாம் பேசியிருந்த மாலைப்பொழுதிற் செந்நிறம் ஏறி வாடத் தொடங்கியிருந்தது. ஒரே நாளில் இருநிறம். நீர் வார்க்க வேண்டுவதும் இல்லை. இலை ஆட்டுக்கு உணவு. உதிர்ந்தது மண்ணுக்கு உரம். சிறுவருக்கு அதே இலை சுருட்டி ஊதும் பீப்பீ. முற்றினால் மரவேலைக்கு வைரம் பாய்ந்த மரம். இத்தனையும் தரும் மரத்தைத்தான், இலை உதிர்க்கிறது என்ற குற்றத்துக்காக நாம் வெட்டினோம்! அம்முற்றத்தில் நின்றபோது எமது முகம் கன்றியது. வெட்டிய கதையை அவரிடம் சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை.

நீரும் காலமும் இன்று மீண்டும் கேள்விக்குள்ளாகி நிற்கின்றன. தீவின் தென்கரையிலே 30 பெருங் காற்றாலைகள் 2021 முதல் மின்சாரம் தருகின்றன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், மேலும் காற்றாலைகள் நிறுவுவதையும், இல்மனைற்றுக்காகக் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து, 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் நாட்கணக்காய் வீதியில் நின்றனர். மணல் என்பது அவர்களுக்கு வெறும் மணல் அன்று. மாரி நீரைத் தாங்கிவைத்திருக்கும் பாத்திரம். பாத்திரத்தை அள்ளிச் சென்றால் நீர் எங்கே நிற்கும்? எமது மாணவியரின் அன்னையரும் அக்கூட்டத்தில் நின்றனர். தீர்மானிப்போர் ஓரிடத்திலும், விலை கொடுப்போர் வேறோரிடத்திலும் இருக்கும் அதே கணக்கை அங்கும் கண்டோம். பாடசாலை முற்றத்தில் அக்கணக்கை எழுதியது எமது கையே என்பதனால், வீதியிலே அதனை இனங்காண்பது எமக்கு எளிதாயிற்று.

பின்னர் நாம் செய்தவை பெரியன அல்ல. பட்டியலைக் கிழித்தோம். புதிய பட்டியலில் மாணவர் பெயரும் ஆசிரியர் பெயரும் வந்தன. முதல் வாரத்தில் எமது பெயர் இருந்தது. 24 வாளியைச் சுமந்த ஆசிரியர் சிலர், இத்தனை சட்டிகள் வேண்டுமோ என்று தாமாகவே கேட்கத் தொடங்கினர். விவாதத்தால் முடியாததை வாளி முடித்தது. இப்போது இருப்பவை 12 சட்டிகள். சமையலறையிற் பாத்திரம் கழுவிய நீர் அவற்றுக்குப் போதுமானது. பூவரசை வெட்டிய இடத்திலே மீண்டும் மரம் வைக்க நாம் கேட்டதற்கு இணக்கம் கிடைக்கவில்லை. விழாக் காலத்தில் அது இடைஞ்சலாம். பின்வேலியோரம் நடலாம் என்றனர். அது பாதி வெற்றிதான். அதனை முழு வெற்றியென்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள், எருக்கலம்பிட்டி மூதாட்டி தமது வேலியிலிருந்து ஒன்பது கதியால்களை வெட்டிப் பேரன் கையிற் கொடுத்தனுப்பினார். அதற்கு முந்திய வாரம், வெட்டிய மரத்தின் கதையை நாம் அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “வெட்டினா வெட்டினதுதான். மழைக்கு முன்னுக்குக் குழியத் தோண்டுங்க” என்றார். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து குழி தோண்டினர். வாளி சுமந்து சிரித்த அம்மாணவியும் அங்கிருந்தாள். ஒன்பதில் ஏழு பிடித்தன.

நண்பருக்கு இன்னும் கடிதம் எழுதவில்லை. எழுதும்போது, மன்னாரிலே பூமரங்கள் உண்டோ என்ற வினாவுக்கு உண்டு என்றே விடை தருவோம். அடுத்தமுறை வருகையில் விழா வாசலைப் பாராது பின்வேலிப் பக்கம் வருமாறும் கேட்டுக்கொள்வோம். அதற்குள் ஏழிலே ஒன்றேனும் பூத்திருக்கும்.